படிப்பு நிற்காது என்ற உறுதி

(அருப்புக்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசைகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் நிற்கிற பெற்றோரில் பலர் மில் ஷிப்டை முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். திருச்சுழி, நரிக்குடி பக்கமிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரியில் படிக்கிற, வேலை செய்கிற ஒருவருக்குப் பாலியல் வன்முறை நேர்ந்தால், காதலன் கையாலோ கணவன் கையாலோ அடியும் மிரட்டலும் நேர்ந்தால், அவருக்கு என்னென்ன உதவி இருக்கிறது என்று பேச அழைத்தார்கள். இதை அருப்புக்கோட்டையில் பேசும்போது 2018ஆம் ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. இந்த ஊரின் பெயர் இந்தியா முழுக்கச் செய்தியில் அடிபட்ட ஆண்டு அது. பலர் அதை ஊருக்கு வந்த அவமானம் என்றே இன்னும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே உள்ள தேவாங்கர் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்த நிர்மலா தேவி, 2018 மார்ச் மாதம் தன் மாணவிகள் நான்கு பேரிடம் தொலைபேசியில் பேசினார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இணங்கிப் போனால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்பது பேச்சின் சாரம். அந்தப் பெண்கள் மறுத்தார்கள். அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அவர்களும் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். பேச்சைப் பதிவு செய்தார்கள். கல்லூரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார்கள். மார்ச்சிலேயே அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆனால் காவல்துறை வழக்கு வந்தது ஏப்ரல் நடுவில், ஒலிப்பதிவு ஊரெல்லாம் பரவிய பிறகு. ஏப்ரல் 16ஆம் தேதி கைது. பல்கலைக்கழக வேந்தர் என்ற முறையில் ஆளுநர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். சந்தானத்தை விசாரிக்கச் சொன்னார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. 2024 ஏப்ரல் இறுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் நிர்மலா தேவியைக் குற்றவாளி என்று தீர்மானித்துப் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவரை விடுவித்தது.

ஆறு ஆண்டுகள் போயின. இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண் ஆறு ஆண்டில் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், கல்யாணமாகி, குழந்தையும் பெற்றிருப்பாள். அத்தனை காலமும் அந்த வழக்கு அவர்களோடு கூடவே நடந்திருக்கிறது.

அந்த நான்கு பேரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். எதிரே பேசியவர் வகுப்பெடுக்கிற ஆசிரியை. வருகைப்பதிவும் இன்டர்னல் மார்க்கும் அவர் கையில். பின்னால் பல்கலைக்கழகமே நிற்கிறது என்று அவர் சொல்கிறார். சட்டம் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. அப்படியிருந்தும் மரியாதை குறையாமல், பிடி கொடுக்காமல், தெளிவாக மறுத்தார்கள். ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. சாட்சியத்தைப் பத்திரப்படுத்தினார்கள். இந்த ஊர் அவர்களால் தலைநிமிர்ந்தது என்பதுதான் என் தீர்மானமான கருத்து.

ஆனால் நான்கு பேராக இருந்ததால் அவர்களுக்கு அந்தத் துணிவு வந்தது. தனியாக இருக்கிற பெண் என்ன செய்வாள்? என் பேச்சு முழுவதும் அவளைப் பற்றித்தான்.

அவள் எப்படி இருப்பாள் என்று இந்தக் கரிசல் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா கரிமூட்டம் போடுவார், இல்லை தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போவார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் மூன்று வருஷப் படிப்பு ஓடுகிறது. இப்படிப்பட்ட பெண்ணிடம், "ஏம்மா, ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டால், பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் வேலையில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: "வீட்ல தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாங்கக்கா."

குற்றம் செய்தவனைப் பற்றிய பயம் அவளுக்கு இரண்டாவதுதான். பெற்ற அப்பாவின் முடிவைப் பற்றிய பயம்தான் முதலில் நிற்கிறது. புகார் என்று போனால் விஷயம் வீட்டுக்கு வரும். வந்தால் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். அந்த அப்பா கெட்டவர் இல்லை. மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனால் மகள் கணக்கில், கெடுதல் செய்தவன் தொடர்ந்து படிப்பான், பாதிக்கப்பட்ட நான் வீட்டில் உட்காருவேன் என்று ஆகிறது. இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை உதவி எண்களைச் சுவரில் எழுதினாலும் அவள் போனை எடுக்க மாட்டாள். எல்லா உதவிக்கும் முதல் உதவி, அவள் படிப்பு நிற்காது என்ற உறுதிதான்.

இது என் ஆசை மட்டும் இல்லை; நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். உடனே புகார் கொடுத்தாள். அவள் யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் அடங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது, இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதோடு, அவள் படிப்பு முடியும்வரை பல்கலைக்கழகம் அவளிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது, மனநல ஆலோசனையும் தர வேண்டும் என்றது. கட்டணம் பற்றிய அந்த ஒரு உத்தரவை நான் பெரிதாக மதிக்கிறேன். தண்டனை குற்றவாளிக்குப் போகும். படிப்புத்தான் அவளுக்கு வந்து சேரும். 2025 ஜூன் 2ஆம் தேதி அந்த வழக்கில் குற்றவாளிக்கு முப்பது ஆண்டுகள் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. புகார் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அருப்புக்கோட்டைக்கு ஆறு ஆண்டு, அங்கே ஆறு மாதம். மனம் வைத்தால் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உதவிகளைப் பற்றி. ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: உதவி வேறு, புகார் வேறு. புகார் கொடுத்தால்தான் உதவி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உடலில் வன்முறை நடந்திருந்தால் மருத்துவமனைதான் முதலில். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108 வரும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதலுதவியும் சிகிச்சையும் உடனே, இலவசமாகத் தர வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. மறுத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். கர்ப்பத் தடுப்பு மாத்திரைக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரக் கெடு உண்டு. அதனால், "யோசிச்சு நாளைக்குப் போவோம்" என்று தள்ளிப்போடாதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். இரண்டு விரல் சோதனை என்ற கொடுமையை உச்ச நீதிமன்றம் 2022இல் அடியோடு தடை செய்துவிட்டது. யாராவது அதைச் செய்ய வந்தால் மறுத்துவிடலாம். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லக் கடமைப்பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டு வயது நிறைந்த பெண் "வழக்கு இப்போது வேண்டாம்" என்று சொன்னால் அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சை தர வேண்டுமே தவிர, சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. கர்ப்பம் தரித்திருந்தால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வயது வந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். அப்பா கையெழுத்தோ கணவன் கையெழுத்தோ தேவையில்லை.

பதினெட்டு வயது என்றேனே, முதலாமாண்டு மாணவிகளில் பலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். அவர்களுக்குப் போக்சோ சட்டம் பொருந்தும். அங்கே விஷயம் தெரிந்த ஆசிரியர் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். கல்லூரி ஆசிரியர்களில் பலர் இது பள்ளிக்கூடத்து விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மருத்துவமனை போல இன்னொன்று, 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம். எல்லா மாவட்டத்திலும் உண்டு. 181க்குப் போன் செய்தால் இணைப்பார்கள். சில நாள் தங்க இடம், ஆலோசனை, சட்ட உதவி, காவல் நிலையத்துக்குத் துணை எல்லாம் அங்கே ஒரே இடத்தில். மனசு தாங்காத இரவுகளுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் வைக்க வசதியில்லை என்ற கவலையும் வேண்டாம். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. நம் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

சின்ன ஊரில் மகளிர் காவல் நிலையத்துக்குள் நுழைந்தாலே நாலு பேர் பார்ப்பார்கள், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. இந்தியாவில் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. இங்கே வேண்டாம் என்றால் மதுரையில் கொடுங்கள். வாக்குமூலத்தை வீட்டிலோ நீங்கள் சொல்லும் வேறு இடத்திலோ பெண் அதிகாரி வந்து எழுதிக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை.

இப்போது கல்லூரிக்குள் வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்குக் காவல் நிலையம் வேண்டாம். 'அந்த சார் என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்' என்பதுதான் வேண்டுதல்.

நாம் 'விசாகா கமிட்டி' என்று சொல்கிற உள்ளகப் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் கட்டாயம். ராஜஸ்தானில் ஒரு கிராமத்துப் பெண் ஊழியர், பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுத்ததற்காகக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். அந்தக் கொடுமையிலிருந்து பிறந்த வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் இதற்கு வேர். 2013இல் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்கென்றே தனி ஒழுங்குமுறைகளை வகுத்து 2016 மே மாதம் வெளியிட்டது. அதைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு நல்ல ஆவணம். குழுவுக்குப் பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களே தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற பதவியில் இருப்பவர் உறுப்பினராகக் கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டுமே. ஆனால் மாணவிகளைப் பார்த்துக் கேட்கிறேன்: உங்கள் கல்லூரிக் குழுவின் தலைவர் யார்? வெளி உறுப்பினர் யார்? உங்கள் பிரதிநிதிக்கு எப்போது ஓட்டுப் போட்டீர்கள்? பதில் தெரியவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல.

புகார் நிலுவையில் இருக்கும்போதே அந்த மாணவி கேட்டுப் பெறக்கூடியவை சில உண்டு. புகாருக்கு ஆளானவர் அவள் விடைத்தாளைத் திருத்தக் கூடாது, இன்டர்னல் மார்க் போடக் கூடாது, அவளைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது என்று தடுக்கலாம். அவளை நெருங்கக் கூடாது என்று எச்சரிக்கலாம். அவளுக்கு மூன்று மாதம்வரை உரிமைகள் எதுவும் குறையாமல் விடுப்புத் தரலாம். 2018இல் அந்த மாணவிகள் முன்னால் தொங்கவிடப்பட்டது மதிப்பெண்தானே? அந்த ஆயுதத்தைப் பிடுங்கிவைக்கிற அதிகாரம் இந்தக் குழுவிடம் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவிகளுக்கு இது இன்னும் உயிர்நாடியான விஷயம். வழிகாட்டியின் ஒரு கையெழுத்துக்காக ஐந்தாறு வருஷம் வாய்மூடிக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர். கௌரவ விரிவுரையாளர்களுக்கும், அலுவலகத்தில் தினக்கூலிக்கு இருக்கும் பெண்களுக்கும், வளாகத்தைக் கூட்டுகிற அம்மாவுக்கும் இதே குழுதான். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சரியாக இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பணம் கொடுத்துச் சமாதானம் பேசுவதைச் சட்டம் ஒப்பவில்லை.

அடுத்து, காதலிலும் கல்யாணத்திலும் நடக்கிற வன்முறை. இதைப் பற்றிப் பேசவே நம் ஊரில் இடமில்லை. காதலே குற்றம் என்று இருக்கிற வீட்டில், காதலன் அடித்தான் என்று ஒரு பெண் யாரிடம் சொல்வாள்? வேறு சாதிப் பையன் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் அடித்ததைவிடப் பெரிய ஆபத்து அவளுக்கு வீட்டில் காத்திருக்கும். இதை நன்றாகத் தெரிந்துவைத்துக்கொண்டு மிரட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். செல்போன் பாஸ்வேர்டைக் கொடு, யாரோடு பேசினாய் காட்டு என்று ஆரம்பிக்கும்; பிறகு கன்னத்தில் அறை; விலகிப் போனால், "உன் போட்டோவை உங்க அப்பனுக்கு அனுப்புவேன்."

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தப் படத்தை நீங்களே விரும்பி எடுக்க விட்டிருந்தாலும் அதை அடுத்தவருக்கு அனுப்ப அவனுக்கு உரிமை இல்லை. எடுக்கச் சம்மதித்தது பரப்பச் சம்மதித்தது ஆகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பின்தொடர்வதும், வேண்டாம் என்ற பிறகும் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பதும் 78ஆம் பிரிவில் குற்றம். 1930 இணையக் குற்றத்துக்கான எண். மிரட்டல் வந்த மெசேஜை அழிக்காதீர்கள். பணமோ இன்னொரு படமோ கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்து முடிந்த மிரட்டல் கிடையாது. பொள்ளாச்சியில் பெண்களிடம் பழகிப் பாலியல் வன்முறை செய்து, படம்பிடித்து மிரட்டிய கும்பலின் ஒன்பது பேருக்கும் 2025 மே 13ஆம் தேதி சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்ததென்றால், எந்தப் படத்தைக் காட்டி வாயை அடைத்தார்களோ அதே படங்கள் அவர்களுக்கு எதிரான சாட்சியமானதும் பெண்கள் நீதிமன்றத்தில் உறுதியாக நின்றதும்தான் காரணம்.

இரண்டாம் ஆண்டில் கல்யாணமாகித் தாலியோடு வகுப்புக்கு வரும் மாணவிகள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். கணவன் அடித்தால், படிக்க விடாமல் பூட்டிவைத்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அந்தச் சட்டத்தில் ஜெயிலுக்கு அனுப்புவது முதல் நோக்கமில்லை. அடிக்காதே, வீட்டைவிட்டுத் துரத்தாதே, செலவுக்குப் பணம் கொடு என்று நீதிபதி உத்தரவிடுவார். கணவனைச் சிறைக்கு அனுப்ப மனமில்லாத பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

மாணவர்களான பையன்களுக்கும் ஒரு வார்த்தை. விடுதியில் மூத்தவர்களால் உங்களுக்கே பாலியல் வன்முறை நேர்ந்திருக்கலாம். மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் ஆண் மாணவர்களையும் திருநர் மாணவர்களையும் விட்டுவிடவில்லை. அதே குழுவிடம் நீங்களும் போகலாம். கூட இருக்கும் நண்பன் ஒரு பெண்ணின் படத்தை உங்கள் குரூப்பில் போட்டால், அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எடு என்று சொல்லுங்கள். எடுக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள்.

யாராவது உங்களிடம் வந்து நடந்ததைச் சொன்னால் என்ன பேசுவது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அதிகம் பேச வேண்டாம். "நீ சொல்றத நம்புறேன். உன் மேல தப்பில்ல. இப்ப பத்திரமா இருக்கியா? என்ன செய்யணும்னு நீ நினைக்கிற?" இவ்வளவு போதும். ஏன் அங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய், ஏன் இத்தனை நாள் கழித்து வருகிறாய் என்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். அடுத்து, அவள் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். நல்லெண்ணத்தோடு போட்ட ஒரு போனால் ஒரு பெண்ணின் படிப்பு அன்றோடு முடிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல்வர்களிடமும் நிர்வாகத்தாரிடமும் நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. குழு உறுப்பினர்களின் பெயரையும் போன் எண்ணையும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நின்று எழுதிக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது. வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுத விடாமல் நிறுத்துவதற்கு முன்னால், அந்த மாணவியைப் பெண் ஆசிரியர் ஒருவர் தனியே கூப்பிட்டுக் காரணம் கேட்கட்டும். மூன்று வாரமாக வகுப்புக்கு வராதவள் சோம்பேறி என்று முடிவுகட்டாதீர்கள்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு, உன் படிப்ப நிப்பாட்ட மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவளுக்கு ஒன்றும் நடக்காத நாளிலேயே சொல்லுங்கள். நடந்த பிறகு சொன்னால் அவள் நம்புவது கஷ்டம்.